இறக்கையைத் தூக்கிக்கொண்டு இறங்கும் விமானம்: எஃப்-8 குரூசேடர்

எஃப்-8 குரூசேடர், அமெரிக்கக் கடற்படையின் பழைய ஜெட் போர் விமானம். அது கப்பலில் இறங்கும் படம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். முதல் பார்வைக்கு ஏதோ கழன்றுவிட்ட மாதிரி இருக்கும். உடல் ஒரு பக்கம் போகிறது. முதுகின் மேல் இருக்கும் இறக்கை, முன்விளிம்பைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே, டிபன் பாக்ஸ் மூடியை அரைகுறையாகத் திறந்தது போல ஓர் இடைவெளி. உண்மையில் எதுவும் கழலவில்லை, வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். அது ஏன் என்று புரிந்தால், கப்பலில் ஜெட் விமானம் ஓட்டுவதில் உள்ள சிக்கலில் பெரும்பகுதி புரிந்துவிடும். இந்த ஒரு விமானத்தை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

முதலில் இடப் பிரச்சினை. சாதாரண விமான நிலையத்தில் ஓடுபாதை இரண்டு, மூன்று கிலோமீட்டர் நீளம் இருக்கும். 1950களில் அமெரிக்கக் கடற்படை வைத்திருந்த எசெக்ஸ் வகை விமானந்தாங்கிக் கப்பலின் மொத்த நீளமே சுமார் 270 மீட்டர். அதில் ஒரு பகுதிதான் இறங்குவதற்குக் கிடைக்கும். அந்தப் பகுதியும் சும்மா நிற்காது. கப்பல் முன்னே போய்க்கொண்டே இருக்கும், அலையில் ஏறி இறங்கும், பக்கவாட்டில் சாயும்.

அவ்வளவு சின்ன இடத்தில் பிரேக் போட்டு நிறுத்த முடியாது. அதனால் விமானத்தின் வால் பக்கம் ஒரு கொக்கி தொங்கும். தளத்தின் குறுக்கே தடித்த எஃகுக் கம்பிவடங்கள் கட்டியிருக்கும். கொக்கி அதில் ஒன்றைப் பிடித்ததும், தளத்துக்குக் கீழே உள்ள ஹைட்ராலிக் இயந்திரம் வடத்தை இழுத்துப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். இரண்டு, மூன்று நொடிகளில் விமானம் நின்றுவிடும். இதில் கவனிக்க வேண்டியது, வேகம் கொஞ்சம் குறைந்தாலே வடத்தின் மேல் விழும் சுமை நிறையக் குறைகிறது என்பது. வேகத்தில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், வடம் தாங்க வேண்டிய ஆற்றலில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறையும். கடற்படைக்காரர்கள் இறங்கும் வேகத்தில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சண்டை போடுவது இதனால்தான்.

சரி, மெதுவாக வந்து இறங்க வேண்டியதுதானே? அங்கேதான் ஜெட் போர் விமானம் இடக்குப் பண்ணுகிறது.

சிறு வயதில் பட்டம் கட்டியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பட்டம் தானாக ஏறுவதில்லை. காற்றுக்கு எதிரே அது ஒரு கோணத்தில் சாய்ந்து நிற்பதால்தான் ஏறுகிறது. அந்தக் கோணத்தை முடிவு செய்வது முன்பக்கம் நாம் போடும் முடிச்சு. முடிச்சை ஒரு விரல்கடை மேலேயோ கீழேயோ நகர்த்தினால் பட்டத்தின் குணமே மாறிவிடும். நல்ல காற்றுக்கு லேசான சாய்வு போதும். காற்று குறைவாக இருந்தால் அதிகச் சாய்வு வேண்டும். விமானத்தின் இறக்கையும் அப்படியே. வேகமாகப் போகும்போது காற்றை லேசான கோணத்தில் சந்தித்தாலே எடையைத் தாங்கிவிடும். வேகம் குறையக் குறைய அந்தக் கோணத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு எல்லையைத் தாண்டிக் கூட்டினால் காற்று இறக்கையின் மேல்பரப்பை விட்டு விலகிவிடும், தூக்கும் விசை போய்விடும், விமானம் விழுந்துவிடும்.

ஒலியைவிட வேகமாகப் பறக்க வேண்டுமானால் இறக்கை மெல்லியதாகவும் பின்னோக்கிச் சரிந்ததாகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட இறக்கை மெதுவான வேகத்தில் சோம்பேறி. எடையைத் தாங்க வைக்க, கோணத்தை மிக அதிகமாகக் கூட்ட வேண்டியிருக்கும். சாதாரண விமானத்தில் இறக்கை உடலோடு அசையாமல் பொருத்தப்பட்டிருப்பதால், இறக்கையைத் தூக்க வேண்டுமென்றால் மொத்த விமானமும் மூக்கைத் தூக்க வேண்டும். மூக்கைத் தூக்கினால் விமானிக்கு முன்னால் தெரிவது வானம்தான். இறங்க வேண்டிய கப்பல் மூக்குக்குக் கீழே மறைந்துவிடும். கூடவே வால் தளத்தில் இடிக்காமலிருக்கச் சக்கரக் கால்களை நீளமாக்க வேண்டும். நீளமான கால் என்றால் எடை அதிகம், உடைவதும் சுலபம்.

இந்தப் பாடத்தை, குரூசேடரைக் கட்டிய வாட் நிறுவனம் நேரடியாக அனுபவித்துத்தான் கற்றது. குரூசேடருக்கு முன்னால் அவர்கள் செய்த எஃப்7யூ கட்லஸ் வால் இல்லாத விமானம். முன்சக்கரக் கால் நெட்டையாக இருக்கும், மூக்கை நன்றாகத் தூக்கிக்கொண்டுதான் இறங்கும். விமானிக்குத் தளம் சரியாகத் தெரியாது, அந்த நெட்டைக் கால் தளத்தில் மோதி மடங்கும், என்ஜினும் பலம் போதாதது. கட்டியவற்றில் கால்வாசிக்கு மேல் விபத்திலேயே போயின. நிறுவனத்துக்குப் பெரிய தலைக்குனிவு. அடுத்த விமானமும் தவறிப்போனால் கடற்படையின் கதவு மூடிவிடும் என்ற நிலை.

1952 செப்டம்பரில் கடற்படை ஒரு புதிய போர் விமானம் கேட்டது. கொரியப் போரில் சோவியத் மிக்-15 விமானத்துக்கு முன்னால் தன் கப்பல் ஜெட்டுகள் வேகத்தில் பின்தங்கியதை அது பார்த்திருந்தது. ஆகவே 30,000 அடி உயரத்தில் ஒலியைப் போல 1.2 மடங்கு வேகம் வேண்டும், அதே விமானம் மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் இறங்கவும் வேண்டும் என்றது. ஒரே ஆளிடம் நூறு மீட்டர் ஓட்டத்திலும் முதலில் வா, கயிற்றின் மேலும் நட என்று கேட்பது போலத்தான்.

ஜான் ரஸ்ஸல் கிளார்க் தலைமையிலான வாட் பொறியாளர்கள் சொன்ன பதில், பட்டத்தின் முடிச்சை நகர்த்துவது. மூக்கு ஏன் ஏற வேண்டும், இறக்கை மட்டும் ஏறட்டுமே என்று கேட்டார்கள். இறக்கையை முதுகின் மேல் ஒரே துண்டாக வைத்து, அதன் பின்பக்கத்தைக் கீல் வைத்து உடலோடு இணைத்தார்கள். முன்பக்கத்தின் அடியில் ஹைட்ராலிக் தண்டு. விமானி காக்பிட்டில் ஒரு நெம்புகோலை நகர்த்தினால் இறக்கையின் முன்விளிம்பு 7 டிகிரி மேலே எழும்பும். அதோடு சேர்ந்து முன்விளிம்பும் பின்விளிம்புப் பட்டைகளும் கீழ்நோக்கி வளையும். தட்டையான இறக்கை, மெதுவான வேகத்துக்கு ஏற்றபடி உள்ளங்கையைக் குவித்தது போல ஆகிவிடும். உடல் மட்டும் ஏறக்குறைய சமமாகவே வரும். விமானிக்குக் கப்பல் தெரியும், வால் இடிக்காது, சக்கரக் கால்கள் குட்டையாக, உடலுக்குள்ளேயே மடங்குகிற அளவில் இருந்தால் போதும்.

இறக்கையின் கோணத்தை மாற்றும் யோசனை வாட் கண்டுபிடித்ததல்ல. பிரிட்டனின் சூப்பர்மரீன், அமெரிக்காவின் ரிபப்ளிக் போன்ற நிறுவனங்கள் சோதனை விமானங்களில் முயன்றிருக்கின்றன. ஆயிரத்துக்கு மேல் கட்டி, படையில் கொடுத்து, உப்புக் காற்றில் பல்லாண்டு உழைக்க வைத்தது வாட்தான். என் கணக்கில் இதுவே பெரிய வேலை. சோதனைக் கூடத்தில் ஒரு கீல் வேலை செய்வதற்கும், தினமும் தளத்தில் மோதி மோதி இறங்கும் விமானத்தில் அதே கீல் வேலை செய்வதற்கும் நிறைய தூரம்.

1955 மார்ச் 25 அன்று, கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் ஜான் கோன்ராட் இதை முதன்முறை ஓட்டினார். முதல் பறப்பிலேயே ஒலியின் வேகத்தைத் தாண்டியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஃபாரஸ்டல் கப்பலில் சோதனை. ஆகஸ்டில் மணிக்கு 1,015 மைல், அதாவது சுமார் 1,634 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து அமெரிக்க வேகச் சாதனை. 1957 மார்ச்சில் படைப்பிரிவுகளுக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஜான் கிளென் என்ற மரீன் படை விமானி, இதன் புகைப்பட வகை ஒன்றில் கலிபோர்னியாவிலிருந்து நியூயார்க் வரை 3 மணி 23 நிமிடத்தில் போனார். வழியில் மூன்று முறை வானிலேயே எரிபொருள் நிரப்ப வேண்டியிருந்தது. எரிபொருள் கொடுத்த விமானம் விசிறி வைத்த பழைய வகை. ஒவ்வொரு முறையும் அவர் உயரத்திலிருந்து இறங்கி, அதன் மந்த வேகத்துக்குக் குறைந்து, நிரப்பிக்கொண்டு, மறுபடி ஏற வேண்டும். அப்படியும் சராசரி வேகம் ஒலியை மிஞ்சியது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1962-இல், பூமியைச் சுற்றி வந்த முதல் அமெரிக்கரும் அவரே.

இப்போது இறங்கும் அந்தக் கடைசி நிமிடத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். விமானி கப்பலின் ஓரமாக அது போகும் திசையிலேயே பறந்து, திரும்பி, வேகத்தைக் குறைக்கிறார். சக்கரங்கள் இறங்குகின்றன, கொக்கி இறங்குகிறது. நெம்புகோலை நகர்த்துகிறார். தலைக்குப் பின்னால் இறக்கை எழும்புகிறது. தூக்கும் விசை கூடுவதால், மூக்கு அந்தளவுக்குக் கீழே சாய்ந்து தளத்தைக் காட்டுகிறது. தளத்தின் இடப்பக்கம் ஒரு பெரிய வளைந்த கண்ணாடி. அதில் ஓர் ஒளிப்புள்ளி தெரியும். இருபுறமும் வரிசையாகப் பச்சை விளக்குகள். புள்ளி அந்த வரிசைக்கு மேலே போனால் விமானம் உயரத்தில் வருகிறது, கீழே போனால் தாழ்வாக வருகிறது என்று பொருள். விமானி அந்தப் புள்ளியை நடுவில் வைத்தபடியே வர வேண்டும். கப்பலின் கட்டடத்துக்குப் பின்னால் காற்று சுழன்று கொஞ்சம் கீழே இழுக்கும். அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சக்கரம் தளத்தைத் தொட்ட கணத்தில் அவர் செய்வது, புதிதாகக் கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். என்ஜினை முழு வேகத்துக்குத் தள்ளுகிறார். கொக்கி கம்பியைத் தவறவிட்டால் மறுபடி பறந்தாக வேண்டும், ஜெட் என்ஜின் சக்தி கூட்டச் சில நொடி எடுத்துக்கொள்ளும், அதுவரை காத்திருந்தால் கடல்தான். நேரான பழைய தளத்தில் இப்படித் தவறினால் முன்னால் நிறுத்தியிருக்கும் விமானங்களின் மேல் பாய வேண்டியதுதான். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி டென்னிஸ் கேம்பெல் 1951-இல் சொன்ன சாய்வான தளம் அந்த ஆபத்தைப் போக்கியது. இறங்கும் பாதையைச் சில டிகிரி இடப்பக்கம் திருப்பிவிட்டால், தவறியவர் திறந்த கடல் மேல் எழும்பிப் போகலாம். கண்ணாடி ஒளியும், விமானத்தைத் தளத்திலிருந்து உதைத்து அனுப்பும் நீராவிக் கவணும்கூட பிரிட்டிஷ்காரர்கள் தந்தவையே. குரூசேடர் போன்ற விமானம் சாத்தியமானது இந்த மூன்றும் சரியான நேரத்தில் வந்ததால்தான். விமானத்தை மட்டும் புகழ்ந்துவிட்டு இவற்றை விட்டுவிடுவது நியாயமில்லை.

இத்தனைக்கும் பிறகு குரூசேடர் சுலபமாக இறங்கும் விமானம் ஆகிவிடவில்லை. கடற்படை கேட்ட 160 கிலோமீட்டரை அது எட்டவே இல்லை, 250-ஐத் தாண்டியே இறங்கியது. மெதுவாகும்போது வேகம் நிலைக்காமல் கூடிக் குறைந்துகொண்டிருக்கும். அதைச் சமாளிக்கவே பின்னாளில் என்ஜின் சக்தியைத் தானாகச் சரிசெய்யும் கருவி ஒன்றைச் சேர்த்தார்கள். மொத்தம் கட்டிய 1,261 விமானங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை எப்போதாவது ஒரு விபத்தைச் சந்தித்தவை. மூக்குக்குக் கீழே அகலமாக வாய் திறந்திருக்கும் காற்றுத் துளை, தளத்தில் வேலை செய்பவர்களுக்கு நிஜமான ஆபத்து. என்ஜின் ஓடும்போது பக்கத்தில் போனால் ஆளையே இழுத்துவிடும். பார்க்க முதலை வாய் போல இருந்ததால் மாலுமிகள் அந்தப் பெயரையே வைத்துக் கூப்பிட்டார்கள்.

உறுதியான விமானம் என்பதையும் சொல்ல வேண்டும். கப்பலில் இடம் மிச்சம் பிடிக்க இதன் இறக்கை நுனிகள் மேல்நோக்கி மடங்கும். 1960 ஆகஸ்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஒரு விமானி மடித்த நுனிகளை விரிக்க மறந்து அப்படியே கிளம்பிவிட்டார். விமானம் மேலேறியது. 5,000 அடி வரை போய், நிலைமை தெரிந்து, திரும்பி வந்து பத்திரமாக இறங்கினார். மடங்காத உள்பகுதி இறக்கையும் விமானத்தின் ஜே57 என்ஜினின் உதையும் சேர்ந்து அவரைக் காப்பாற்றின. அவர் மட்டுமல்ல, இதே தவற்றைச் செய்து பிழைத்தவர்கள் வேறு சிலரும் உண்டு.

சேவையில் இதன் முதல் பெரிய வேலை சண்டை அல்ல, படம் எடுப்பது. 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்தபோது, துப்பாக்கிகளை எடுத்துவிட்டு கேமரா வைத்த குரூசேடர்கள் ஃபுளோரிடாவிலிருந்து கிளம்பி, மரங்களுக்குச் சற்று மேலாகப் பறந்து ஏவுகணைத் தளங்களைப் படமெடுத்து வந்தன. ஆயுதம் இல்லை, வேகம்தான் பாதுகாப்பு. உயரத்திலிருந்து உளவு விமானங்கள் எடுத்த படங்களைவிட இவற்றில் விவரம் தெளிவாக இருந்தது.

பிறகு வியட்நாம். குரூசேடரில் நான்கு 20 மில்லிமீட்டர் பீரங்கிகள் இருந்தன. அடுத்து வந்த ஃபாண்டம் விமானத்தின் கடற்படை வகைகளில் பீரங்கி கிடையாது, ஏவுகணை மட்டும்தான். அதனால் குரூசேடர் விமானிகள் தங்களைக் கடைசித் துப்பாக்கிக்காரர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். 1966 ஜூன் 12 அன்று ஹான்காக் கப்பலைச் சேர்ந்த ஹால் மார் முதல் மிக்-17-ஐ வீழ்த்தினார். போர் முடிவதற்குள் கணக்கு 19-ஐ எட்டியது, மிக்குகளிடம் இழந்தது மூன்றே. ஆனால் அந்தப் பத்தொன்பதில் பெரும்பாலானவை சைட்வைண்டர் ஏவுகணையால் வந்தவை. திடீரென்று வளைந்து திரும்பும்போது பீரங்கிக்குத் தோட்டா ஊட்டும் பகுதி சிக்கிக்கொள்ளும். வெற்றிக்கு முக்கியக் காரணம் பீரங்கியைவிடப் பயிற்சிதான் என்பது என் கருத்து. பீரங்கியை நம்பியவர்கள் எதிரியின் பின்னால் நெருங்கிப் போகும் கலையை விடாமல் பழகினார்கள். சைட்வைண்டருக்கும் அதே இடம்தான் வேண்டும்.

1958-லேயே இதன் வாரிசுக்கான போட்டி முடிந்திருந்தது. வாட் கொடுத்த சூப்பர் குரூசேடர் வேகமான விமானம், ஆனால் ஒரு ஆள், ஒரு என்ஜின். மெக்டோனெல் கொடுத்த ஃபாண்டமில் இரண்டு ஆள், இரண்டு என்ஜின். ரேடாரைப் பார்க்கத் தனி ஆள் வேண்டும் என்று கடற்படை முடிவு செய்தது. எனினும் சிறிய எசெக்ஸ் கப்பல்களுக்கு ஃபாண்டம் பொருந்தாததால், அவற்றில் குரூசேடர் 1976 வரை போர் விமானமாக நீடித்தது. புகைப்பட வகை 1987 வரை.

இந்த யோசனையின் அழகான தொடர்ச்சி பிரான்சில். கிளெமான்சோ, ஃபோஷ் என்ற அவர்களுடைய இரண்டு கப்பல்களும் அமெரிக்கக் கப்பல்களைவிடச் சிறியவை. குரூசேடரின் இறங்கும் வேகம் அவற்றுக்கு அதிகம். 42 விமானங்கள் வாங்கும் முன், வாட் இறக்கையைத் திருத்திக் கொடுத்தது. முன்விளிம்பை இரண்டு மடிப்பாக வளையும்படி செய்தார்கள். என்ஜினிலிருந்து எடுத்த அழுத்தக் காற்றைப் பின்விளிம்புப் பட்டைகளின் மேல் ஊதிவிட்டார்கள். காற்று இறக்கையை விட்டு விலகாமல் ஒட்டிக்கொண்டே போனதால், இறக்கையை 5 டிகிரி தூக்கினாலே போதும் என்றானது. பட்டத்தின் முடிச்சை நகர்த்தும் வேலையில் ஒரு பகுதியை ஊதும் காற்று எடுத்துக்கொண்டது. ஃபாண்டமும் ஊதும் காற்றைத்தான் நம்பியது. என்ஜின்கள் பலமானபோது கீலும் ஹைட்ராலிக் தண்டும் சுமக்கும் கூடுதல் எடைக்கு நியாயம் இல்லாமல் போனது. குரூசேடரின் உருவத்தைப் பின்பற்றி வாட் பிறகு செய்த ஏ-7 கோர்சேர் தாக்குதல் விமானத்திலும் இறக்கை அசையாது. அது ஒலியைத் தாண்டத் தேவையே இல்லாத விமானம், ஆகவே மெல்லிய இறக்கையும் தேவைப்படவில்லை, தூக்கவும் தேவைப்படவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் தங்கள் குரூசேடர்களை 1999 டிசம்பர் வரை கப்பலில் ஓட்டினார்கள். அப்புறம் ரஃபால் வந்தது.

கடற்படை கைவிட்ட குரூசேடர் ஒன்றை நாசா எடுத்துக்கொண்டது. விமானியின் கைப்பிடியிலிருந்து வால் வரை போகும் தண்டுகளையும் கம்பிகளையும் கழற்றிவிட்டு, நடுவில் ஒரு கணினியை வைத்தார்கள். நிலவுக்குப் போன அப்பல்லோ கலங்களில் இருந்த அதே வகைக் கணினி. 1972 மே 25 அன்று கேரி கிரையர் அதை ஓட்டினார். மாற்று இயந்திரக் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல், டிஜிட்டல் கணினி வழியாக ஒரு விமானம் பறந்தது அதுவே முதல் தடவை. 1985 வரை 210 முறை பறந்தது. இன்று அது எட்வர்ட்ஸ் தளத்தில், 1955-இல் கோன்ராட் முதல் குரூசேடரை எழுப்பிய அதே பாலைவனத்தில், காட்சிக்கு நிற்கிறது.